வெள்ளிக்கிழமைப் பிரவுணி

காலை ஐந்தே காலுக்குச் சமையலறை விளக்கைப் போட்டேன். முதலில் கண்ணில் பட்டவை தரையில் இருந்த சட்டிகள். பெரியதற்குள் சிறியது, மூடிகள் தனியாக, இடியப்பத் தட்டுகள் ஒரு கட்டாக, கைப்பிடி உடைந்த தாச்சி ஒன்று. பழைய பத்திரிகைத் தாளை விரித்து, எல்லாவற்றையும் அதன்மேல் சுவரோரமாக அடுக்கியிருந்தார்கள். கேக் வேகவைக்கும் அவணின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கம்பித் தட்டைக்கூடத் துடைத்திருந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டுக்கு நான் வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. மேலே நாலு அடுப்பும் கீழே அவணும் உள்ள காஸ் குக்கர் அது. நான் வந்த நாளிலிருந்து அந்த அவண் சட்டி வைக்கும் அலுமாரியாகத்தான் இருந்தது. மேலே சமைத்தேன், கீழ்க்கதவைச் சட்டி எடுக்க மட்டும் திறந்தேன். அதில் கடைசியாகக் கேக் வேகவைத்தவர் என் கணவரின் முதல் மனைவி. அவர் இறந்து நாலு வருடம்.

சட்டிகளை வெளியே எடுத்தது அவருடைய மகள். அன்று அவளுக்குப் பதினான்காவது பிறந்தநாள். நான் படுக்கப் போன பிறகு எடுத்திருக்கிறாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அலுமினியச் சட்டிகளைச் சத்தம் வராமல் எடுப்பதென்றால் ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் பிடித்து எடுக்க வேண்டும்.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருபது வருடமாக வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பது என் தொழில். திருமணம்வரை வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அம்மாவோடு இருந்தேன். அம்மா போன பிறகு தனியாக. என் கணவர் துறைமுகத்தில் சாமான் விடுவிக்கும் கம்பனி ஒன்றில் கிளார்க். அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் சைவர்கள். கோயிலையும் தேவாலயத்தையும் சங்கடப்படுத்தாமல் ஜனவரிக் கடைசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இரண்டு சூட்கேஸும் அம்மாவின் பிள்ளையார் படமும் கொண்டு வந்தேன். கணவர் ஹோலில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகைத் தட்டு அடித்துப் பிள்ளையாரை வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் குளித்தவுடன் அந்தப் படத்தின் முன் நின்று கொஞ்சம் விபூதி பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். அது பழக்கம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மகள் என்னிடம் ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிரிட்ஜில் இருந்து யோகட் எடுக்க என்னிடம் அனுமதி கேட்டாள். டிவி சத்தத்தைக் கூட்டலாமா என்று கேட்டாள். அது அவளுடைய வீடு. நான் வருவதற்கு முன் அவள் அந்தப் பிரிட்ஜைக் காலால் மூடிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைக்கிறேன். நானும் அவளை "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டேன். இரண்டு விருந்தாளிகள் ஒரே வீட்டில் இருந்தது போல இருந்தது. அனுமதி கேட்டாளே தவிர, எனக்கு இது வேண்டும், செய்து தாருங்கள் என்று அவள் எதையும் கேட்டதில்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை பின்னேரம் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அன்ரி, பேர்த்டேக்குக் கேக் வேணாம்."

"சரி. வேற என்ன வேணும்?"

"பிரவுணி. கடைப் பிரவுணி இல்ல. வீட்டில செய்யுறது. நடுவில ஈரமா இருக்கோணும்." கொஞ்சம் நின்றாள். "பிரெண்ட்ஸ் மூண்டு பேரைக் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்கோ."

"அன்ரிக்குச் செய்யத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா செய்வன்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று கணவரிடம் சொன்னபோது சேர்ட் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"உங்களிட்டக் கேட்டவவா?"

"ஓம்."

"நாலு வருசமா இந்த வீட்டில பேர்த்டே இல்ல. நான் கேக் வாங்கினாலும் தொடமாட்டா. கொச்சிக்கடைச் சேர்ச்சுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திட்டு வருவா, அவ்வளவுதான்."

அவளுடைய அம்மா ஒவ்வொரு வருடமும் ரிப்பன் கேக் செய்வாராம். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று அடுக்கடுக்காக. வகுப்பில் பாதிப் பேர் வருவார்களாம். அதனால்தான் கேக் வேண்டாம் என்றிருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அம்மா செய்யாத ஒன்றை, அம்மாவின் அவணில், என்னிடம் கேட்டிருக்கிறாள். இது பிழைத்தால் இன்னொரு தடவை கேட்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கமாட்டாள் என்றுதான் தோன்றியது.

அந்தப் பிறந்தநாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் வந்தது.

விபூதிப் புதன் அன்று தகப்பனும் மகளும் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். "இனி ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமையில இறைச்சி இல்ல, மற்றப்படி..." என்று அவர் சொல்லத் தொடங்கினார். "விளங்குது, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். உண்மையாகவே எனக்கு விளங்கியது என்றுதான் நினைத்தேன். அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் வியாழன் இரவே சமையலறை கழுவப்படும். இறைச்சிச் சட்டியும் மீன் சட்டியும் பின்பக்கம் போய்விடும். முட்டை இருந்தால் அதுவும் பக்கத்து வீட்டுக்குப் போகும். இறைச்சி இல்லாத நாள் என்றால் மீனும் முட்டையும் இல்லாத நாள் என்பதில் எங்கள் ஆட்களில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பத்திரிகைக்குப் போன பிறகு நான் அதையெல்லாம் விட்டுவிட்டேன். ஆனால் எப்படிச் செய்வது என்பது கைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் நோன்பு என் கையால் பிழைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

பெப்ரவரித் தொடக்கத்தில் எனக்கு இரவுப் பணி. அந்த வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கடையில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். தவக்காலம் தொடங்கியபோது எனக்குப் பகல் பணி கிடைத்திருந்தது. ஆகவே அந்த வீட்டில் நான் சமைத்த முதல் வெள்ளிக்கிழமையே தவக்கால வெள்ளிக்கிழமை. முந்திய நாள் சட்டிகளை எல்லாம் கழுவினேன். இருந்த ஐந்து முட்டையையும் மேல்மாடிக் குடும்பத்துக்குக் கொடுத்தேன். பருப்பு, கீரை, பூசணிக்காய்ப் பால்கறி வைத்தேன். இருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான்.

பிரவுணிக்குப் போனில் பார்த்த எல்லாச் செய்முறையிலும் முட்டை இருந்தது. சிலதில் மூன்று, சிலதில் நாலு. புதன்கிழமை வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன். கேக் சாமான் கொட்டாஞ்சேனையிலும் வாங்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த கடை அங்கேதான், காலி வீதியில் இருந்து ஒரு திருப்பம் உள்ளே. கடைக்காரர் முஸ்லிம், அறுபது வயதிருக்கும். நோன்பு மாதம், பின்னேரம் நாலு மணிக்கு உதடு காய்ந்து போய்க் கல்லாவில் இருந்தார்.

"என்ன மிஸ், கலியாணம் முடிச்சுக் கொட்டாஞ்சேனக்குப் போயிட்டீங்கன்டு கேள்வி. அங்க கொக்கோ இல்லயா?"

"இருக்கு. எனக்கு உங்கட கடைதானே தெரியும்."

"சொல்லுங்க, என்ன செய்யப் போறீங்க?"

"பிரவுணி. முட்டை இல்லாம."

அவர் தராசில் இருந்து கையை எடுத்தார். "முட்ட இல்லாமப் போட்டா அது பிரவுணி இல்ல மிஸ். சொக்லட் பூசின செங்கல்லு."

"வீட்டில பிள்ளைக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமை."

"அவங்களுக்கு முட்டயும் கூடாதா?"

"கூடாது" என்றேன். இருபது வருடமாக மற்றவர்களின் தகவலைச் சரிபார்த்த குரலில் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது" என்றார் அவர். "நான் நோன்போட இருந்து சொக்லட் நிறுக்கிறேன். நீங்க நோன்புக்குச் சொக்லட் வாங்குறீங்க. ஒங்கட நோன்பு நல்லா இரிக்கி."

தவக்காலத்தில் சொக்லட் சரியா என்று கணவரிடம் முன்பே கேட்டிருந்தேன். பிடித்த ஒன்றைத் தவக்காலம் முடியும்வரை விடுவது வழக்கமாம், போன வருடம் அவள் சொக்லட்டைத்தான் விட்டாளாம். இந்த வருடம் அந்தப் பிழையைச் செய்யவில்லை என்றார். கடைக்காரரிடம் அதைச் சொன்னபோது சிரித்தார், உதடு வெடித்துவிடும் என்று பயந்தவர் போல மெல்ல. பிறகு முட்டைக்குப் பதிலாக என்ன போடுவது என்று சொல்லித் தந்தார். தண்ணீர் வடித்த பசுத் தயிர்தான், எருமைத் தயிர் கூடாது. கொஞ்சம் டின் பால். கடைசியில் சோடா உப்பு ஒரு சிட்டிகை, வினாகிரி ஒரு தேக்கரண்டி. கறுத்த சொக்லட்டில் நல்லதைத் தேடி எடுத்துத் தந்தார். கொக்கோவைக் காகிதத்தில் கொட்டி என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். தான் மணக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தட்டுக்குப் போதுமான அளவு வாங்கினேன். பத்திரிகையில் எப்போதும் ஒரு பக்கத்துக்கான செய்தியைக் கூடுதலாகக் கையில் வைத்திருப்போம்.

இப்படித்தான் வெள்ளிக்கிழமை லீவு எடுத்து, ஐந்தே காலுக்கு அந்தச் சட்டி வரிசையின் முன் நின்றேன்.

பட்டரையும் சொக்லட்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொதிநீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்கினேன். சொக்லட் முதலில் உருகாதது போலத்தான் இருக்கும். கரண்டி பட்டதும் ஒரேயடியாகச் சரிந்துவிடும். சீனி, தயிர், டின் பால், மா, கொக்கோ, கடைசியில் சோடா உப்பும் வினாகிரியும். கலவை தார் போலக் கனத்து, கரண்டியில் இருந்து மடிந்து மடிந்து விழுந்தது. அவண் திருகியில் இருந்த இலக்கங்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. நடுவில் ஒரு குத்துமதிப்பாக வைத்தேன். தட்டைத் தள்ளிக் கதவை மூடியபோது, அந்தக் கதவு மூடும் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஆறு மணிக்கு மேல் அவள் பள்ளிக்கூட உடுப்போடு வந்தாள். ஒரு பின்னல் போட்டு மற்றது போடாமல் இருந்தது. வாழ்த்துச் சொன்னேன்.

"தாங்க்ஸ் அன்ரி. சட்டியெல்லாம் நான்தான் எடுத்தனான். பரவாயில்லையா?"

"நல்லதாப் போச்சு."

அவள் குனிந்து அவணின் கண்ணாடிக்குள் பார்த்தாள். கண்ணாடி மங்கல், உள்ளே ஒன்றும் தெரியாது. இருந்தாலும் மற்றப் பின்னலைப் போட்டு முடிக்கும்வரை அப்படியே குனிந்து நின்றாள். வீடு முழுக்கச் சொக்லட் வாசம். பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடிக்கும்வரை நின்றாள்.

அந்தத் தட்டு பிழைத்தது. பின்பக்கம் கரி, முன்பக்கம் சேறு. நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு தட்டை ஒட்டிவைத்தது போல. கணவர் வேலைக்குப் போகத் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அதைப் பார்த்தார்.

"பின்பக்கம் சூடு கூட" என்றார். "பாதியில தட்டைத் திருப்போணும்."

"தெரியாமப் போச்சு."

அவர் உடனே போகவில்லை. "அவ துவாயொண்டைக் கையில சுத்திக்கொண்டு திருப்புவா. கையுறை போட்டா அவவுக்குப் பிடி இல்ல." கோப்பையைக் கழுவித் தட்டில் கவிழ்த்து வைத்தார். "திருகியை மூண்டு மணி முள் நிக்கிற மாதிரி வையுங்கோ. அதுக்கு மேல வேணாம்."

முதல் மனைவி நல்லவர், நோயில் பொறுமையாக இருந்தவர் என்றெல்லாம் அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கையால் எதை எப்படிப் பிடிப்பார் என்று அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் தட்டுக்குத் திருகியை அவர் சொன்ன இடத்தில் வைத்தேன். பாதியில் துவாயைக் கையில் சுற்றித் திருப்பினேன். வெளியே எடுத்தபோது நாலு பக்கமும் ஒரே நிறம். படங்களில் உள்ளது போல மேலே மினுங்கும் மெல்லிய தோல் வரவில்லை. பள்ளிக்கூடக் கரும்பலகை போல மங்கலாக இருந்தது. மிச்சச் சொக்லட்டை உருக்கி மேலே ஊற்றி, வறுத்த முந்திரிக் கஜுவைத் தூவினேன். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். கத்தியில் ஒட்டியது. உள்ளே ஈரம். கடைசியில் மெல்லிய ஒரு புளிப்பு, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். செங்கல் இல்லை.

நாலு மணிக்குப் பிறகு சிநேகிதிகள் மூவரும் வந்தார்கள். ஒருத்தி நெட்டையானவள். ஒருத்திக்குப் பல்லில் கம்பி. மூன்றாமவளின் அம்மா வீட்டில் கேக் செய்து விற்பவர். அவள் வந்தவுடனேயே தட்டைச் சுற்றி நடந்து பார்த்தாள். மெழுகுதிரியைப் பிரவுணியில் குத்தினால் சரிந்தது. மறுபடி குத்தினால் மறுபடி சரிந்தது. கடைசியில் பிறந்தநாள்காரியே அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், மற்றவர்கள் பாடினார்கள், அவள் தன் கையில் இருந்த சுடரை ஊதி அணைத்தாள்.

"முதல் துண்டை அன்ரிக்கு ஊட்டு" என்றாள் நெட்டையானவள்.

யாருக்கு முதலில் ஊட்டுவது என்பது இந்த ஊர்ப் பிறந்தநாள்களில் சின்ன விஷயம் இல்லை. தகப்பன் இன்னும் வரவில்லை. அவள் ஒரு துண்டை வெட்டினாள். அதைப் பார்த்தாள். பிறகு என் கையில் தந்தாள். ஊட்டவில்லை. நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

பிள்ளைகள் சாப்பிட்ட வேகத்தில் எனக்கு மூச்சு வந்தது. விரல் நக்கினார்கள். கம்பிப் பல்காரி கஜுவைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் சேர்த்துவைத்துக் கடைசியில் வாயில் போட்டாள்.

"அன்ரி, எத்தினை முட்டை போட்டனீங்கள்?" கேக் செய்து விற்பவரின் மகள் கேட்டாள். "மேல வெடிக்கேல்ல, அதான் கேட்டனான்."

"முட்டை இல்ல. தவக்கால வெள்ளிக்கிழமை எல்லோ."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"முட்டைக்கு என்ன அன்ரி?" என்றாள் கம்பிப் பல்காரி. "நான் காலமை முட்டைப் பணிஸ் திண்டுட்டுத்தானே ஸ்கூலுக்கு வந்தனான்."

"எங்கட வீட்டில இண்டைக்கு இறால்" என்றாள் நெட்டையானவள். "இறைச்சிதான் கூடாது."

மேசைக்குக் கீழே ஏதோ இடிபட்டது.

"ஆ. ஏன்டி உதைக்கிற?"

பிறந்தநாள்காரி யாரையும் பார்க்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்த சொக்லட்டைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கட வீட்டில வெள்ளிக்கிழமையில முட்டை சமைக்கிறேல்ல."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா."

"ஏன்?"

"சமைக்கிறேல்ல எண்டா சமைக்கிறேல்ல. உனக்கு வேணாமெண்டா தட்டைத் தா."

"வேணாமெண்டு ஆர் சொன்னது?" கம்பிப் பல்காரி தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வகுப்பில் யாரோ ஒரு ரீச்சரின் சாரிக்கு மாறியது.

நான் தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். அச்சில் பிழை வந்துவிட்டால் எங்கள் மேசையில் யாரும் சத்தம் போடுவதில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து, பிழை எங்கே நுழைந்தது என்று பின்னோக்கிப் பார்ப்போம். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. "மற்றப்படி" என்று அவர் தொடங்கிய வசனத்தை நான் முடிக்க விடவில்லை.

ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது விளங்கவில்லை. சிநேகிதிகள் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது, கேட்டேன். நான் கழுவினேன். அவள் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமையில நீங்கள் முட்டை சாப்பிடுறனீங்களா?"

அவள் கையில் இருந்த கோப்பையைத் துடைத்து முடித்தாள். "முந்திச் சாப்பிட்டனாங்கள். மீனும்தான். தவக்காலத்தில மம்மி மீன் பொரிப்பா."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

"அன்ரிக்கு விரதம் எல்லோ."

"எனக்கா?"

"டடா சொன்னவர். அன்ரியாக்கள் வெள்ளிக்கிழமையில மீன், முட்டை ஒண்டும் தொடமாட்டினம், வீட்டில வாசம்கூட வரக்கூடாது, வாய் திறவாமச் சாப்பிடு எண்டு. அன்ரி சட்டியெல்லாம் கழுவினதை நானும் பாத்தனான். காலமையில விபூதியும் பூசுறனீங்கள்."

"எனக்கு விரதம் ஒண்டும் இல்ல."

அவள் கையில் துவாய் நின்றது.

"அது உங்களுக்காகச் செய்தது" என்றேன். "உங்கட தவக்காலத்துக்கு."

"எங்களுக்கா?"

"ஓம்."

"அப்ப அன்ரி வெள்ளிக்கிழமையில மீன் சாப்பிடுவீங்களா?"

"இருபது வருசமா ஒபிஸ் கன்ரீனில மீன் பணிஸ்தான்."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு தரையில், அந்தச் சட்டி வரிசைக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் இல்லை. முகத்தை நிமிர்த்தியபோதுதான் சிரிப்பு என்று தெரிந்தது. அந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அந்தப் பூசணிக்காய்" என்றாள். மேலே சொல்ல முடியவில்லை. "டடாவுக்குப் பூசணிக்காயைக் கண்ணில காட்டேலாது அன்ரி."

"ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவரே."

"நீங்கள் பாவம் எண்டு."

"நீயும் சாப்பிட்டாய்தானே?"

"நீ" என்று வந்துவிட்டது. அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. "எனக்கும் பிடிக்காது" என்றாள். "பாத்து, மெல்ல மெல்லச் சாப்பிட்டனான். தட்டில மிச்சம் விட்டா நீங்கள் என்ன நினைப்பீங்களோ எண்டு."

அவள் எதையும் கேட்பதில்லை என்று நான் மனதில் குறித்துக்கொண்டிருந்த அதே மூன்று வெள்ளிக்கிழமைகளில், அவள் எனக்காகப் பூசணிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். கை ஈரமாக இருந்தது. சட்டிகளை எங்கே வைப்பது என்று இருவரும் கொஞ்ச நேரம் பேசினோம். ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு அடிக்கலாம் என்றாள். அவண் வெறுமையாக இருக்கட்டும் என்றாள்.

கணவர் தேவாலயத்தில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து ஏழு மணிக்கு மேல் வந்தார். கதவை முழுதாகத் திறக்க முன்பே மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"நீங்க விரதம் இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் தின்ற பூசணிக்காய்?"

"அதை ஒண்டும் செய்ய ஏலாது."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "எனக்குப் பரவாயில்ல. வெள்ளிக்கிழமை மத்தியானத்தில ஹாபர் கன்ரீனில மீன் கறிதான்."

"டடா" என்றாள் மகள். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?"

"வீட்டிலதானே கூடாது எண்டு நினைச்சனான்."

"கள்ளர். என்னை மட்டும் கீரை தின்ன விட்டுட்டு."

அவள் ஒரு பிரவுணித் துண்டை எடுத்து அவருடைய வாயை அடைத்தாள். அவர் மென்று விழுங்கும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"முட்டை போட்டதா?"

"இல்ல."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "கொஞ்சம் புளிப்பு."

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய்ப் பாரை மீன் துண்டுகள் வாங்கி வந்தேன். கழுவி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த் தூளும் பிரட்டிப் பிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் நான் வந்தபோது அவள் பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள்.

"அன்ரி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும். உங்கட முறையில மீன் சரிதானே?"

"சரிதான்."

கிண்ணத்தை வெளியே எடுத்தாள். மூடியை இறுக்கி அழுத்தினாள். மேல் கதவைத் திறந்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். பிரிட்ஜைக் காலால் தள்ளி மூடினாள்.

"பருப்பு இருக்கா?"

"இருக்கு."

"பூசணிக்காய் மட்டும் வேணாம்."

பாரை மீனைச் சனிக்கிழமை மத்தியானம் பொரித்தோம்.